வாசல் நிலையில 1061னு செதுக்கின மரவீடு: பாரம்பரிய மதிப்பு உண்டா?

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன், நீங்க போட்ட ஒம்பது போட்டோவையும் பெரிசு பண்ணிப் பாத்தேன். குமரி மாவட்டத்துல ஒரு சின்ன ஊர், உங்க பாட்டா வழியில வந்த மரவீடு, மூணு வருஷமா ஆளில்லாம பூட்டிக் கிடக்கு. முன்வாசல் நிலையில 1061னு செதுக்கியிருக்கு, அதனால ஆயிரம் வருஷத்து வீடுன்னு குடும்பத்துல எல்லாரும் நம்புறாங்க. பழைய மரம் எடுக்குற வியாபாரி ஒருத்தர் மொத்தமா பிரிச்சு எடுத்துக்கிறேன்னு ஒரு ரேட் சொல்லிட்டாரு, சித்தப்பா சரின்னுட்டாரு, நீங்க மட்டும் தயங்குறீங்க. "இதுக்கு ஹெரிட்டேஜ் வேல்யூ இருக்கா, இருந்தா எவ்வளவு, அரசாங்கத்துக்குத் தெரிஞ்சா வீட்ட எடுத்துக்குவாங்களா"ன்னு கேட்டிருக்கீங்க. இதுல எவ்வளவுங்கறத விட, வியாபாரி லாரிய கொண்டு வந்து நிறுத்தின பிறகு நாம எதை இழந்தோம்னு தெரியாம போயிடுமோங்கற பயம்தான் உங்க எழுத்துல எனக்குத் தெரியுது. அதுக்குத்தான் பதில் சொல்லப் போறேன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

நான் ஆர்க்கிடெக்ட், பழைய கட்டடங்களப் பாதுகாக்குற வேலையில இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அதுல பாதிக்கு மேல நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவுல இருக்குற மரவீடுகள்தான். அதனால போட்டோல பாத்தே சிலது உறுதியா சொல்ல முடியும், சிலது நேர்ல வந்து மரத்தத் தொட்டுப் பாக்காம யாராலயும் சொல்ல முடியாது. எது எதுன்னு அங்கங்க பிரிச்சு சொல்லிடறேன்.

முதல்ல அந்த 1061. இது ஆங்கில வருஷம் இல்ல, கொல்லம் ஆண்டு. உங்க ஊரு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊரு, அங்க பத்திரம், ஜாதகம், கோயில் கணக்கு எல்லாமே கொல்லம் ஆண்டுலதான் எழுதுவாங்க. அது கி.பி. 825ல ஆரம்பிக்குது, அந்தப் பக்கத்துல சிங்க மாசம், அதாவது நம்ம ஆவணி பிறக்கும்போது வருஷம் மாறும். அப்ப கொல்லம் 1061ன்னா 1885 ஆவணியில இருந்து 1886 ஆடி வரைக்கும். ஸ்ரீமூலம் திருநாள் திருவிதாங்கூர்ல பட்டத்துக்கு வந்ததும் அந்த 1885தான், பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்க அதுக்கப்புறமும் இருபது வருஷம் ஆச்சு. ஆயிரம் வருஷம் இல்லைன்னு தெரிஞ்சதும் வீட்டுல ஒரு ஏமாற்றம் இருக்கும், எனக்குப் புரியுது. ஆனா ரெண்டு மழைக்காலமும் அடிக்கிற ஊர்ல, மரத்துலயே கட்டின ஒரு வீடு நூத்தி நாப்பது வருஷம் நிக்கிறது சின்ன விஷயம் கிடையாது. தெக்கத்தி மரக்கட்டட வேலைக்கே உச்சம்னு நாம சொல்ற பத்மநாபபுரம் அரண்மனையே 1601 வாக்குல ஆரம்பிச்சு, 1700கள்ல மார்த்தாண்ட வர்மா காலத்துல பெருசா மாத்திக் கட்டினதுதான்.

இப்ப சந்தேகத்துக்குரிய பக்கம். 1885ங்கறது அந்த நிலையோட வருஷமா, வீட்டோட வருஷமா? இந்த ரெண்டும் ஒன்னா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. நான் இந்த வேலைக்கு வந்த புதுசுல ஒரு வீட்டுக்கு ரிப்போர்ட் எழுதினேன், வாசல் நிலையில இருந்த வருஷத்த அப்படியே நம்பி வீட்டு வயசுன்னு எழுதிட்டேன். அங்க வேலை பாத்த மூத்த ஆசாரி என்னை நிலைக்குப் பக்கத்துல கூட்டிட்டுப் போய், மேல்கட்டையில ஒரு மூலைல கட்டைவிரல் அளவு சதுரத் துளை ஒன்னு சும்மா காலியா இருந்ததக் காட்டினார். "சாரே, இந்தத் தொளையில ஏதாவது வந்து மாட்டணும்லா? இங்க மாட்ட ஒண்ணும் இல்ல. அப்போ இந்த நெலை வேற எங்கயோ நின்னது"ன்னார். விசாரிச்சா, அந்தக் குடும்பம் இன்னொரு வீட்டைப் பிரிச்சப்போ வந்த நிலை அது. நாப்பது பக்க ரிப்போர்ட்ட திருத்தி எழுதினேன். அன்னிக்கில இருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதல்ல காலித் துளையத்தான் தேடுவேன். உங்க மூணாவது போட்டோல நிலையோட மேல்கட்டையில இடது ஓரத்துல கருப்பா சதுரமா ஒன்னு தெரியுது. நிழலா துளையான்னு என்னால சொல்ல முடியல. அங்க ஒரு குச்சிய விட்டுப் பாருங்க.

வயசக் கண்டுபிடிக்க வேற வழியும் இருக்கு, ஒவ்வொன்னும் தனியா பலவீனம், சேந்தா பலம். உத்தரம், கழுக்கோல் (கூரையத் தாங்குற சாய்வுக் கட்டை) எல்லாம் அறுத்த தடத்தப் பாருங்க. மேல ஒருத்தர் கீழ ஒருத்தர் நின்னு கையால இழுத்து அறுத்த பலகையில கோடு நேராத்தான் இருக்கும், ஆனா இடைவெளி ஒரே சீரா இருக்காது, கை சோந்து போன இடத்துல சாய்வு மாறும். வட்ட ரம்பம் போட்ட மில்லுல அறுத்ததுன்னா வில்லு மாதிரி வளைஞ்ச தடம் இருக்கும். வாச்சிங்கற செதுக்குற கருவியால செதுக்கின மரத்துல சின்னச் சின்னக் குழி, மீன் செதிள் மாதிரி. இந்தத் தடமெல்லாம் வெளிப்பக்கம் இருக்காது, இழைச்சிருப்பாங்க, மச்சுக்கு, அதாவது மர உட்கூரைக்கு மேல ஏறி டார்ச் அடிச்சுப் பாக்கணும். ஆணியும் ஒரு சாட்சிதான். கொல்லன் அடிச்ச ஆணி தண்டு சதுரமா, தலை கோணல் மாணலா இருக்கும், இப்ப நாம வாங்குற உருண்டைக் கம்பி ஆணி வந்திருந்தா அந்த இடம் பின்னாடி ரிப்பேர் பண்ணினதுன்னு வச்சுக்கலாம்.

ஓடு வீட்ட விட எளசாத்தான் இருக்கும் பெரும்பாலும். மங்களூர் ஓடுன்னு நாம சொல்ற அந்தப் பள்ளம் வச்ச ஓட்ட பாசல் மிஷன்ங்கற கிறிஸ்தவ மிஷனரிங்க மங்களூர்ல ஆலை போட்டு செய்ய ஆரம்பிச்சது 1865ல, அங்க இருந்து கோழிக்கோடு, பேரோக்னு பரவி நம்ம பக்கம் வந்துச்சு. முதல் உலகப்போருக்கு அப்புறம் அந்த ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட்ங்கற கம்பெனி கைக்குப் போயிருச்சு. ஓட்டத் திருப்பிப் பாத்தா அடியில முத்திரை இருக்கும், பாசல் மிஷன்னு இருந்தா போருக்கு முந்தினது, காமன்வெல்த்னு இருந்தா பிந்தினது, இப்படி ஒரு சுமார் கணக்கு. அதுக்கு முன்னாடி உங்க வீட்டுல ஓலை வேஞ்சிருக்கலாம். கழுக்கோல் மேல ஓட்டத் தாங்குற பட்டியல் சட்டம் அடிச்ச ஆணித் தடம் ரெண்டு வரிசையா இருந்தா கூரைய ஒரு தடவ மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம்.

கார்பன் டேட்டிங் பண்ணலாமான்னு கீழ கமெண்ட்டுல ஒருத்தர் கேட்டிருந்தாரு. வேண்டாம், காசு வீண். 1650க்கு அப்புறம் வெட்டின மரத்துக்கு அந்த முறை ஒரே ஒரு விடை தராது, காத்துல இருந்த கதிர்க்கரியோட (கார்பன்-14) அளவு அந்தக் காலத்துல ஏறி இறங்கிக்கிட்டே இருந்ததால ஒரு துண்டுக்கு மூணு நாலு காலக்கட்டம் வந்து நிக்கும். போதாததுக்கு, பலா மரத்தோட நடுவயிரம் வெட்டின வருஷத்துக்கு நூறு வருஷம் முந்தினதா கூட இருக்கலாம். பத்திரம்தான் உங்களுக்கு நல்ல சாட்சி. 1880கள்ல ஆரம்பிச்ச திருவிதாங்கூர் நில செட்டில்மெண்ட் (நிலத்த அளந்து வரி போட்ட) ரிக்கார்டுல உங்க மனையோட நம்பர் இருக்கும். 1925ல நாயர் ரெகுலேஷன், 1926ல நாஞ்சில் நாட்டு வேளாளர் ரெகுலேஷன் எல்லாம் வந்து மருமக்கள்தாய (அம்மா வழியில மருமக்களுக்குப் போற) சொத்தப் பிரிக்க வழி திறந்த பிறகு அந்தச் சமுதாயங்கள்ல பாகப்பத்திரம் ஏகப்பட்டது எழுதினாங்க, அதுல சிலது வீட்ட அறை அறையா வர்ணிக்கும், எது ஓடு, எது ஓலை, பத்தாயம் (நெல்லு கொட்டி வைக்கிற மரப்பெட்டி) யார் பாகம், கிணத்துல யாருக்குப் பங்குன்னு எல்லாம் வரும். உங்க குடும்பத்துக்கு இதுல எது பொருந்தும்னு நீங்கதான் பாக்கணும். சித்தப்பா வீட்டு அலமாரில மஞ்சப் பையில சுருட்டி வச்ச பத்திரம் இருக்கான்னு கேளுங்க, எனக்குத் தெரிஞ்சு பத்துல ஏழு வீட்டுல இருக்கும்.

மரம் என்னன்னு கேட்டிருந்தீங்க, "முழுக்கத் தேக்கு"ன்னு வியாபாரி சொன்னாராம். போட்டோவ வச்சு மரத்த அடிச்சுச் சொல்றது தப்பு, ஆனா என் ஊகம் சொல்றேன். பாதிக்கு மேல பலாவும் அயினியுமா இருக்கும். தெக்குத் திருவிதாங்கூர் வீடுகள்ல வீட்டைச் சுத்தி நின்ன மரத்தத்தான் முதல்ல எடுப்பாங்க, தேக்கு நிலைக்கும் கதவுக்கும் வச்சிருப்பாங்க. கண்ணுக்குத் தெரியாத மூலைல உளியால ஒரு நகம் அளவு சுரண்டிப் பாருங்க, மேல எவ்வளவு கருத்திருந்தாலும் உள்ள மஞ்சளா பளிச்சுன்னு வந்தா பெரும்பாலும் பலா அல்லது அதோட தாயாதி அயினி. புத்த பிக்குகள் துணிக்கு சாயம் போட்டதே பலாக்கட்டையோட அந்த மஞ்சள்லதான். பலான்னா மட்டம்னு நினைக்காதீங்க. பத்மநாபபுரம் அரண்மனையில தாய்க் கொட்டாரம்ங்கற பகுதியில ஏகாந்த மண்டபத்துத் தூணு ஒத்தைப் பலாமரத்துல செதுக்கினது, ஒருநாள் போய் அது முன்னாடி நின்னு பாத்துட்டு வாங்க.

இனி மதிப்புக்கு வரேன். வியாபாரி உங்க வீட்ட கன அடிலதான் பாக்குறாரு. உத்தரம் இத்தனை, தூண் இத்தனை, நிரைப்பலகை இத்தனை, அதுல இத்துப் போனதக் கழிச்சா இவ்வளவு. அது அவரோட தொழில், நான் குறை சொல்லல, அவர் சொன்ன ரேட் மரத்துக்கு நியாயமான ரேட்டாவே கூட இருக்கலாம். ஆனா உங்க ஆறாவது போட்டோல அந்த அறைப்புரையோட (நெல்லும் சாமானும் பூட்டி வைக்கிற மர அறை) பலகைச்சுவர் இருக்கே, அதக் கொஞ்சம் நின்னு பாருங்க. ஒவ்வொரு பலகையும் மேலயும் கீழயும் இருக்குற கட்டையோட காடிக்குள்ள (வெட்டின பள்ளத்துக்குள்ள) இறங்கி நிக்குது, பக்கத்துப் பலகையோட நாக்கு இதோட பள்ளத்துல உக்காந்திருக்கு, ஒரு ஆணி கிடையாது. மழைக்காலத்துல மரம் ஊதும், வெயில்ல சுருங்கும், அதுக்கு இடம் விட்டுக் கட்டியிருக்கு. மூலைத்தூணப் பிடுங்கினாத்தான் கடைசிப் பலகை வெளிய வரும், எங்க இருந்து அவுக்கணும்னு கட்டினவருக்குத் தெரியும். இத கன அடில எப்படி விலை போடுறது? பிரிச்ச அடுத்த நிமிஷம் அது பலகையாயிடும், அந்த சங்கதி போயிடும்.

இன்னொன்னு அளவு. அந்தப் பக்கத்து ஆசாரிமார் அடியில அளக்கல, கோல்ல அளந்தாங்க. ஒரு கோலுக்கு 24 விரல், பரவலா எடுத்துக்குற கணக்குல ஒரு விரல் 3 சென்டிமீட்டர், கோல் 72 சென்டிமீட்டர். அறையோட சுத்தளவ கோல்ல எடுத்து மூணால பெருக்கி எட்டால வகுத்து மீதி என்ன வருதுன்னு பாப்பாங்க, ஒத்தப்படை வந்தா எடுக்கலாம், இரட்டைப்படைன்னா அளவ மாத்தணும். இதுக்கு யோனிக் கணக்குன்னு பேரு. நீங்க குடுத்த அளவுல அறைப்புரை 2.16 மீட்டருக்கு 1.80 மீட்டர். அப்ப மூணு கோல், ரெண்டரை கோல், சுத்தளவு 11 கோல். மூணால பெருக்குனா 33, எட்டால வகுத்தா மீதி ஒன்னு. ஒன்னுன்னா துவஜ யோனி, எந்த திசைக்கும் ஆகும்னு சொல்றது. பேப்பர்ல இதப் போட்டுப் பாத்தப்ப எனக்கு உண்மையிலயே புல்லரிச்சுது, ஏன்னா நீங்க டேப்ப வச்சு சும்மா அளந்து எழுதின நம்பர் அது. ஆனா கணக்க சுவர்ல எடுக்காம உத்தரத்தோட ஓரத்துல எடுக்குறதுதான் வழக்கம், அதனால உத்தரத்துலயும் ஒரு தடவ அளந்து பாத்துட்டு நம்புங்க. இந்தக் கணக்குல அதிர்ஷ்டம் வருமா வராதாங்கறது வேற பேச்சு. எனக்கு அதுல தெரியுறது, கட்டினவங்க கண்ணளவும் கைக்கணக்குமா கட்டல, ஒரு முறைப்படி படிச்சுக் கட்டியிருக்காங்கன்னுதான்.

அப்புறம் அந்தப் பத்தாயம். நாலாவது போட்டோல மூடிய திறந்து வச்சு எடுத்திருக்கீங்க, உள்பக்கப் பலகையில கீறல் கீறலா இருக்கு, நாலு கோடு போட்டு குறுக்க ஒன்னு, அப்புறம் திரும்ப நாலு. எலி கடிச்சதுன்னு எழுதியிருக்கீங்க. எலி அப்படி எண்ணிக் கடிக்காது. நெல்லு அளந்து கொட்டும்போது ஆள் மறந்துடாம இருக்க போட்ட எண்ணிக்கைக் கோடா இருக்க நிறைய வாய்ப்பு. மேல ஒரு தொகுதியும் கீழ ஒரு தொகுதியும் தனித்தனியா இருக்குற மாதிரி தெரியுது, கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு நெல் போகமா இருக்கலாமோன்னு ஒரு ஆசை எனக்கு, ஆனா அது ஆசைதான், நிரூபணம் இல்ல. தயவுசெஞ்சு அத உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு பாலிஷ் பண்ணிடாதீங்க.

பாரம்பரிய மதிப்புன்னு நாங்க சொல்றப்ப பாக்குற விஷயங்கள் வயசு, கைவேலை, முழுசா இருக்கா, இந்த மாதிரி எத்தனை மிச்சம் இருக்கு, அது நிக்கிற இடம், அதோட மனுஷங்களுக்கு இருக்குற ஒட்டு. உங்க வீட்டுக்கு இதுல ரொம்ப பலமானது 'முழுசா இருக்கு'ங்கறது. படிப்புரை (வெளிவாசல் கட்டடம்), திண்ணை, நடுமுற்றம், அறைப்புரை, பத்தாயம், பின்னாடி கிணத்தோட ஒட்டின அடுக்களை எல்லாம் ஒரே இடத்துல அதது எடத்துல இருக்கு. இதவிட நல்ல செதுக்கு வேலை இருக்குற வீட்ட நான் பாத்திருக்கேன், ஆனா பாதிய இடிச்சு கான்கிரீட் போட்டிருப்பாங்க. உங்க வீட்டுல செதுக்கு வேலை சுமார்தான், மறைக்காம சொல்றேன், முன்பக்கப் பூமுகத்துல ஒரு பலகையில தாமரை, அவ்வளவுதான். அது குறையில்ல. ஊர்ல நடுத்தரமா விவசாயம் பண்ணின குடும்பம் எப்படி வாழ்ந்துச்சுன்னு காட்டுற வீடு அரண்மனைய விடக் கம்மியாத்தான் மிஞ்சும், யாரும் அத வேணும்னு வச்சுக்கிறதில்ல.

இன்னொரு பக்கத்தையும் விட்டுட்டுப் பேசக்கூடாது. அந்தக் காலத்துத் திருவிதாங்கூர்ல ஓடு போடவும் மாடி வைக்கவும் எல்லாருக்கும் உரிமை கிடையாது, சாதியப் பாத்து தடை இருந்துச்சு, மேலாடை போடுறதுக்கே 1859 வரைக்கும் போராடின மண்ணு அது. உங்க படிப்புரைக்கு வெளிய எவ்வளவு தூரத்துல யார் நின்னாங்க, பத்தாயத்துக்கு நெல்லு சுமந்து வந்தவங்க எந்தப் பக்கமா வந்துட்டு எந்தப் பக்கமாப் போனாங்கங்கறதும் அந்த வீட்டுலதான் எழுதியிருக்கு. பின்பக்கம் ஒரு குட்டி வாசல் தெரியுது பாருங்க, அது எதுக்குன்னு ஊர்ல வயசானவங்ககிட்ட, உங்க சொந்தத்துல இல்லாதவங்ககிட்டயும், கேளுங்க. கட்டின ஆசாரியோட பேரக் கூட எங்கயும் எழுதியிருக்க மாட்டாங்க, அவர் கை மட்டும்தான் இருக்கு. பெருமைய மட்டும் பொறுக்கி எடுத்து பாரம்பரியம்னு சொல்றது எனக்கு ஒப்பாது.

அரசாங்கம் எடுத்துக்குமாங்கற பயத்துக்கு வரேன். நூறு வருஷம் ஆனதும் தானா ஒரு பாதுகாப்பு வந்துடும்னும், தானா வீடு பறிபோயிடும்னும் ரெண்டு விதமா வதந்தி இருக்கு, ரெண்டும் தப்பு. மத்திய அரசோட 1958 சட்டத்துல நூறு வருஷங்கறது குறைஞ்சபட்ச தகுதி மட்டும்தான், தேசிய முக்கியத்துவம் உள்ளதுன்னு முடிவு பண்ணி, அறிவிப்பு போட்டு, ஆட்சேபம் சொல்ல ரெண்டு மாசம் குடுத்து, அதுக்கப்புறம்தான் பாதுகாக்கப்பட்ட சின்னமா ஆகும். ஆனாக் கூட சொத்து உரிமையாளர்கிட்டயே இருக்க வழி இருக்கு. மாநிலத்துக்கு 1966ல தனிச் சட்டம் இருக்கு. இதுக்குள்ள வராத பழைய கட்டடங்களுக்காக 2012ல பாரம்பரிய ஆணையச் சட்டம்னு ஒன்னும் நிறைவேத்தினாங்க. நடைமுறையில ஒரு சின்ன ஊர்ல இருக்குற தனியார் மரவீட்ட இதுல எதுவும் தேடி வந்து பிடிக்கப் போறதில்ல, காசு குடுக்கவும் வரப்போறதில்ல. ரெண்டையும் எதிர்பார்க்காதீங்க. ஆனா ஒன்னு, நூறு வருஷம் தாண்டின கைவேலைப் பொருள் 1972 தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரலாம், அத தனியாள் வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்ண முடியாது, வியாபாரம் பண்ண லைசன்ஸ் வேணும். அந்த நிலையையும் பத்தாயத்தையும் எங்க கொண்டு போறாருன்னு வியாபாரிகிட்ட நேரடியா கேளுங்க. இது பத்தி நான் வக்கீல் இல்ல, விக்கிறதா முடிவு பண்ணினா ஒரு வக்கீல்கிட்டயும் மாவட்ட அருங்காட்சியகத்துலயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. பட்டியல்ல சேக்கணும், ஆவணப்படுத்தணும்னா 1984ல இருந்து இயங்குற இன்டாக்ங்கற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புகிட்ட கேக்கலாம்.

வீடு தாங்குமா? இதுலதான் போட்டோ கைவிடுது. பின்பக்க இறவாணத்துல (கூரை ஓரத்துல) நாலஞ்சு ஓடு போயிருக்கு, ஒக்கி புயல்ல போனதுன்னு எழுதியிருக்கீங்க, அப்ப 2017 நவம்பர்ல இருந்து அந்த இடத்துல தண்ணி இறங்குது. மரவீட்ட வயசு கொல்றதில்ல, தண்ணிதான் கொல்லும். மரத்துக்குள்ள ஈரம் இருபது சதவீதத்துக்கு மேல நிரந்தரமா நின்னா பூஞ்சை பிடிக்கும், மெத்துன மரத்த சிதல் (கறையான்) தேடி வரும். கழுக்கோல் நுனி, சுவருக்குள்ள போற உத்தரத்தோட தலை, தூணோட அடி, இந்த மூணு இடத்தையும் ஒரு குத்தூசியால குத்திப் பாருங்க. ரெண்டு மூணு மில்லிமீட்டர்ல நின்னா பயமில்ல, வெண்ணெயில இறங்குற மாதிரி இறங்கினா அது போச்சு. சுத்தியலால தட்டினா நல்ல மரம் கணீர்னு கேக்கும், உள்ள அரிச்சது பொத்துன்னு கேக்கும். போனது நுனி மட்டும்னா முழு மரத்தையும் மாத்த வேண்டியதில்ல, கெட்டத வெட்டிட்டு அதே ஜாதி மரத்துல ஒட்டுப் போடலாம், உங்க ஊர்ப் பக்கம் இன்னும் அத ஒழுங்கா செய்யத் தெரிஞ்ச ஆசாரிமார் இருக்காங்க. உலக அளவுல மரக்கட்டடத்துக்குன்னு 1999ல வகுத்து 2017ல டெல்லியில திருத்தின விதிமுறைகளும் இதையேதான் சொல்லுது, எவ்வளவு கம்மியா கை வைக்க முடியுமோ அவ்வளவு கம்மியா வைங்கன்னு.

செய்யக்கூடாதது ஒன்னு ரெண்டு இருக்கு. எனாமல் பெயிண்டும் கட்டி வார்னிஷும் அடிச்சு மரத்த மூடாதீங்க, உள்ள போன ஈரம் வெளிய வர வழியில்லாம அங்கயே கிடந்து அழுக வைக்கும். முந்திரிக்கொட்டை ஓட்டுல எடுக்குற எண்ணெய் நம்ம ஊர்ல கிடைக்கிறது, அறைப்புரை மாதிரி உள்வெளிக்கு அதுதான் அந்தக் காலத்துல பூசினது, ஆனா கையில பட்டா புண்ணாயிடும், உறை போட்டுக்கிட்டு செய்யச் சொல்லுங்க. சுண்ணாம்புப் பூச்சு இருக்குற சுவர்ல சிமெண்ட் பூசவே கூடாது. அடுக்களைல விறகு எரிஞ்ச வரைக்கும் கூரை மரத்துக்குப் புகையே மருந்தா இருந்துச்சு, கேஸ் வந்து ஆளும் போன பிறகு அந்தப் பாதுகாப்பு இல்ல, அதனால வாரத்துக்கு ஒரு நாளாவது கதவு ஜன்னலத் திறந்து வச்சு காத்துப் போக விடுறது எந்தக் கெமிக்கலையும் விட பலன் தரும்.

சரி, காசில்ல, ஆளில்ல, நாலு பங்காளிக்கு நாலு கருத்து, வச்சுக்க முடியலைன்னா? அப்படியும் நடக்கும், அதுக்காக உங்களை யாரும் குத்தம் சொல்ல முடியாது, ஒரு வீட்ட பாத்துக்குறது எவ்வளவு பாரம்னு அதுக்குள்ள இருந்தவங்களுக்குத்தான் தெரியும். அந்த நிலைமையில ஒருவேளை வீடு போகுதுன்னா வீடா போகட்டும், கட்டையா போக வேண்டாம். சென்னைக்குப் பக்கத்துல முட்டுக்காட்டுல தக்ஷிணசித்ராங்கற அருங்காட்சியகத்துல கேரளா, தமிழ்நாட்டுப் பக்கத்து வீடுகள பிரிச்சுக் கொண்டு போய் மறுபடி நிறுத்தியிருக்காங்க, 1996ல இருந்து மக்கள் போய் பாக்குறாங்க. முழுசா எடுத்து அப்படியே நிறுத்துறேங்கற ஆள் கிடைச்சா அது ரெண்டாவது நல்ல வழி. ஊரையும் கிணத்தையும் அது நின்ன தெருவையும் விட்டுட்டுப் போற வழிதான், ஆனா அந்தக் காடியும் நாக்கும் சேந்து இருக்கும். அப்பவும் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் போட்டு, எந்த மரம் எதுல மாட்டியிருந்துச்சுன்னு வரைபடம் எழுதணும். சில வீட்டுல ஆசாரியே கழுக்கோலோட தலையில ஒன்னு, ரெண்டு, மூணுன்னு உளி வெட்டு போட்டு வச்சிருப்பார், அது இருக்கான்னு மச்சுல பாருங்க, இருந்தா அதுமேல பெயிண்ட்ல புது நம்பர் எழுதிடாதீங்க.

சித்தப்பாகிட்ட பேசுறதுக்கு ஒரு யோசனை, வேணும்னா எடுத்துக்கோங்க. "விக்கக்கூடாது"ன்னு ஆரம்பிச்சா சண்டைலதான் முடியும். ஒரு மழைக்காலம் அவகாசம் கேளுங்க. அந்த உடஞ்ச ஓட்டுக்குப் பதிலா நாலஞ்சு பழைய ஓடு வாங்கிப் போட்டுடலாம், அதுக்கு ஆகுற செலவு பெருசா ஒன்னும் இருக்காது, மரம் விக்கிறதா இருந்தாலும் நனையாத மரத்துக்குத்தான் விலை, அதனால அவருக்கும் நஷ்டமில்ல. அந்த அவகாசத்துல வீட்ட நாலு பக்கமும், ஒவ்வொரு இணைப்பையும் பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு போட்டோ எடுங்க, உங்க அப்பம்மை இருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க, அவங்கள அந்த வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய் ஒவ்வொரு இடத்தையும் அவங்க வாயால என்னன்னு சொல்ல வச்சு போன்ல பதிவு பண்ணுங்க. வீட்டு அறைகளுக்கு உங்க குடும்பத்துல புழங்கின பேரு இன்னும் பத்து வருஷத்துல யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஓடு மாத்த ஏறுறப்ப பழைய ஓட்டோட அடி முத்திரையையும், டார்ச் அடிச்சு உத்தரத்தோட அறுப்புத் தடத்தையும் எடுத்துப் போடுங்க. நிலையோட இடது மேல்மூலைல இருக்குற அந்தக் கருப்புச் சதுரம் துளைதான்னா அகலம், நீளம், ஆழம் மூணையும் மில்லிமீட்டர்ல அளந்து எழுதுங்க, அதே அளவுல காலித் துளை அந்த நிலையில வேற எங்கயாவது இருக்கான்னும் பாருங்க. அது கிடைச்சா அந்த 1061 உங்க வீட்டோட வருஷமா, வேற எங்கயோ இருந்து வந்த நிலையோட வருஷமாங்கறதுக்கு இப்ப சொன்னத விடக் கொஞ்சம் உறுதியா என்னால பதில் சொல்ல முடியும்.